பள்ளிக்கூட மூலையில் ஒரு புல்நிலம்: முதன்முதலாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

திருகோணமலையில் செடிகளுக்கு ஆண்டு ஒக்டோபரில் பிறக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு ஜனவரியில். முதல் முறை நான் இதைக் கவனிக்கவில்லை. புது வகுப்பு வந்த சூட்டோடு ஜனவரி நடுவில் விதை போட்டோம். முளைத்து நாலு இலை விடுவதற்குள் மழை ஓய்ந்துவிட்டது. மே மாதம் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியபோது பிள்ளைகள் கீறிய வளர்ச்சி வரைபு தரையோடு படுத்துக் கிடந்தது. நாங்கள் மூன்று மாதம் பிந்திவிட்டோம். அதனால் இந்தக் கட்டுரையை விதையிலிருந்து தொடங்காமல் மாதத்திலிருந்து தொடங்குகிறேன்: உங்கள் முதல் வேலை செப்டெம்பரில்.

செய்யப்போவது இதுதான். பள்ளி வளவில் ஒரு மூலையை ஒதுக்கி, இந்த மண்ணுக்குரிய புல்லும் பூண்டும் சிறு செடிகளும் அங்கே திரும்பி வர விட்டு, அவை வளர்வதைப் பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை அளந்து எழுத வேண்டும். வட அமெரிக்காவில் பிரெய்ரி என்னும் பரந்த புல்வெளிகளின் பெரும்பகுதி உழவுக்குள் போய்விட்டது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் மடிசன் நகரில் பழைய பண்ணை நிலமொன்றில் 1930களில் பிரெய்ரிச் செடிகளைத் திரும்ப நடத் தொடங்கியது. மீட்டெடுத்த பிரெய்ரிகளில் அதுவே மிகப் பழையது என்கிறார்கள். இன்று அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் வளவில் ஒரு சின்னப் பிரெய்ரித் துண்டு இருக்கிறது. செடி வளர்வதைப் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள்.

நமக்குப் பிரெய்ரி கிடையாது. நமக்கு இருப்பது பற்றைக்காடு, கரையோரக் கொடி, மாரிக்கு முளைத்துக் கோடைக்கு மறையும் பூண்டு. அவர்களுடைய வேலைமுறையை எடுத்துக்கொள்ளலாம், செடிப் பட்டியலை எடுக்க முடியாது. தீயையும் எடுக்கக் கூடாது. அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரெய்ரிக்குக் கவனமாகத் தீ வைப்பார்கள், அந்தப் புற்கள் அதற்குப் பழகியவை. இங்கே கச்சான் வீசும் நாளில் ஒரு தீக்குச்சி போதும், அயல் வீட்டு வேலியும் சேர்ந்து போய்விடும். நமக்கு அரிவாள்தான்.

இடமும் சம்மதமும்

5 மீற்றருக்கு 5 மீற்றர் போதும். பெரிதாகத் தொடங்கியவர்கள் களை பிடுங்கியே களைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பாருங்கள், வேப்பமர நிழல் வேண்டாம். கிணற்றடி, குழாயடிப் பக்கமும் வேண்டாம். அங்கே வடிகிற தண்ணீர் உங்கள் கணக்கு எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

அதிபரிடம் கேட்பீர்கள், அவரும் சரி என்பார். அதைவிட முக்கியம், வளவு துப்புரவு செய்பவரிடமும் பெற்றோர் சங்கத்திடமும் பேசுவது. நான் படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில், இரண்டாவது மாரியில், சிரமதான நாளன்று நல்ல மனதோடு வந்த பெற்றோர் சிலர் நான் போய்ச் சேர்வதற்குள் முழு மூலையையும் மண்வெட்டியால் செருக்கி முடித்துவிட்டார்கள். இலக்கம் எழுதிய தடிகளை மட்டும் பிடுங்கி, கட்டாகக் கட்டி, என் மேசையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்க்கிறவர் கண்ணுக்கு அது பற்றைதான். அதற்குப் பிறகு மூன்று காரியம் செய்கிறேன். பெரிய எழுத்தில் ஒரு பலகை. நிலத்தைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டிய பாதை. அந்த ஓரம் ஒழுங்காக இருந்தால், உள்ளே இருப்பது வேண்டுமென்றே விட்டது என்று யாருக்கும் விளங்கும். பாம்பு பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கும் அந்தப் பாதைதான் பதில்: பிள்ளைகள் பாதையில் நின்றே அளப்பார்கள், பற்றைக்குள் கால் வைக்க மாட்டார்கள். மூன்றாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் காட்டுவதற்கு அங்கே தண்ணீர் தேங்கும் பாத்திரம் ஒன்றுமே இருக்கக் கூடாது. யோகட் கோப்பை, சிரட்டை, பொலித்தீன் எல்லாம் அன்றன்றே அகற்றப்பட வேண்டும். டெங்கு விடயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை.

வேலியும் செப்டெம்பரிலேயே போட வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் பள்ளிக்கூடம் என்றால் ஆடு மாடு மட்டுமல்ல, கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களும் விருந்தாளிகள்தான். பிரட்றிக் கோட்டையிலிருந்து இறங்கி வீதியில் நிற்கும் மான்களைத் தினமும் பார்க்கிறோம், இளந்தளிரை அவை விட்டுவைக்காது. ஆள் உயரத்துக்குக் கம்பி வலை நல்லது. கிளுவங் கதியால் நட்டால் அது தழைத்து நிழல் போடும், அடிக்கடி வெட்ட வேண்டும். கிடுகு வேலி வெளிச்சத்தை மறைக்கும், இந்த வேலைக்கு ஆகாது. வெட்டிய கிளைகளால் கட்டும் அலம்பல் வேலி தற்காலிகமாகப் போதும். வேலிக்கு வெளியே ஒரு சிறு துண்டையும் அடையாளம் போட்டு வையுங்கள். மேய்ந்தால் என்ன ஆகும், மேயாவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது

விதை தேடி அலைய முன்னர், மண்ணிடமே கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் மறக்காத பாடம் இது. ஒதுக்கிய நிலத்தில் பத்து இடங்களில் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்துக் கலந்து, அடியில் துளையிட்ட ஒரு பழைய தட்டத்தில் இரண்டு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். இன்னொரு தட்டத்தில் மைதானத்து மண். மூன்றாவதில் அடுப்பில் நன்றாக வறுத்து ஆற விட்ட மண். மூன்றையும் நுளம்பு வலையால் மூடி, ஈரம் காயாமல் ஆறு கிழமை வைத்திருங்கள்.

வறுத்த மண்ணில் ஏதாவது முளைத்தால் அது காற்றிலோ தண்ணீரிலோ வந்தது, மற்றத் தட்டங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அதை நினைவில் வைக்க வேண்டும். மற்ற இரண்டிலும் முளைப்பது மண்ணுக்குள் உறங்கிக் கிடந்தது. காலால் மிதிபட்டு வெறுமையாகக் கிடந்த மண்ணிலிருந்து தும்பையும் கீழ்க்காய்நெல்லியும் எழும்பி வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். கூடவே கோரையும் வரும். அதற்கு விதையைவிட நிலத்தடிக் கிழங்குதான் பலம் என்பதை ஒன்றைக் கிண்டிக் காட்டுங்கள்.

இதே தட்டம் எதிரிகளையும் முன்கூட்டியே காட்டிவிடும். கினிப்புல், இப்பில் இப்பில், நாயுண்ணி, பார்த்தீனியம் ஆகியவை வேறு கண்டங்களிலிருந்து வந்து, மற்றச் செடிகளுக்கு இடம் கொடாமல் பரவுபவை. முதல் மழைக்கு முளைக்கும் தொகுதியை விரல் உயரத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பார்த்தீனியத்தைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடவே கூடாது. தோல் அரிப்பும் சிலருக்கு மூச்சுத் தொல்லையும் வரும். கையுறை போட்ட பெரியவர் ஒருவர், பூக்குமுன் வேரோடு எடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் பழக்கமான செடி எல்லாம் நம்முடையது அல்ல என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம். தொட்டாற்சுருங்கி அமெரிக்க வெப்ப வலயத்துச் செடி. பெயர் தெரியாத பூண்டு வந்தால் பிடுங்காமல், பூக்கும் வரை விட்டு, படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். மூலிகைகளை இலையிலும் வேரிலும் அடையாளம் காணப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊரில் நாட்டு மருத்துவம் பார்க்கும் ஐயா ஒருவர் இருந்தால் அவரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள்.

விதையும் விதைப்பும்

பெரும்பாலான விதை மாரி முடிந்து, பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை முற்றும். ஆகவே விதை சேர்ப்பது முந்தின ஆண்டின் வேலை. தவறவிட்டால் பரவாயில்லை, முதல் மாரியை மண்ணிலிருந்து வருவதோடு தொடங்குங்கள். ஒரு செடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கடதாசி உறையில் போட்டு இடம், திகதி எழுதுங்கள். பொலித்தீனில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காட்டுக்குள் போய்ச் செடி பிடுங்கி வர வேண்டாம். புறாமலைக்குச் சுற்றுலா போகும்போதும் ஒன்றும் எடுக்க வேண்டாம், அது தேசிய பூங்கா.

எதைத் தேர்வது? வீதியோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை எனக்கு முதல் தேர்வு. அதன் இலையில் வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும், புழு இலையைத் தின்னும். அதைப் பூச்சித் தாக்கம் என்று எண்ணி மருந்து அடித்துவிடாதீர்கள், அதுவும் பாடம்தான். அறுகு, தும்பை, காலையில் நீலப் பூ விரிக்கும் விஷ்ணுகிரந்தி, உடுப்பில் ஒட்டி விதை பரப்பும் நாயுருவி. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல் தரையில் இருக்கும் பள்ளிக்கூடம் என்றால் அடம்பன் கொடி கட்டாயம் இருக்க வேண்டும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்தக் கொடியை அடையாளம் தெரியாது. இராவணன் மீசையும் அந்த மணலுக்குரியதுதான், ஆனால் அதன் இலைநுனி ஊசி மாதிரிக் குத்தும். சிறு வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நான் வைப்பதில்லை.

ஆவாரை விதையின் தோல் கடினமானது. 20 விதையைச் சீமெந்துத் தரையில் சற்றுத் தேய்த்து, 20 விதையைத் தேய்க்காமல், இரண்டையும் ஓர் இரவு ஊற வைத்து, தனித்தனியே போட்டு 14 நாள் எண்ணுங்கள். பிள்ளைகளின் முதல் பரிசோதனை இதுவாக இருக்கட்டும். சின்னது, செலவில்லாதது, வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

ஒக்டோபரில் மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனையும் மழை பெய்த மறுநாள் விதையுங்கள். நிலத்தை நாலு சம பாகமாகப் பிரியுங்கள், நடுவில் கால் வைக்கும் அளவுக்குப் பாதை. குறுக்கெதிரான இரண்டு பாகத்தில் மட்டும் விதை. மற்ற இரண்டில் அந்நியக் களையை மட்டும் எடுத்துவிட்டுத் தானாக வருவதை விடுங்கள். சிறு விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் எங்கே விழுந்தது என்று தெரியும். தூவிய பிறகு காலால் மெல்ல மிதித்து விடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு கட்டளை: தண்ணீர் ஊற்றாதீர்கள். பிள்ளைகளுக்கு இது மிகக் கடினம், அன்போடு போத்தல் கொண்டு வருவார்கள். ஊற்றத்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் தனியாக ஒரு சிறு பாத்தி போட்டு, அளந்து ஊற்றி, அதையும் ஒப்பீட்டுக்கு எடுங்கள்.

அளத்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். செடியைப் பார்க்காமல் செடியைப் பற்றி எழுதும் பழக்கம் எங்கள் விஞ்ஞானக் கொப்பிகளில் நிறைய இருக்கிறது. அதை உடைப்பது இந்தப் பகுதிதான்.

ஒவ்வொரு சோடிப் பிள்ளைகளுக்கும் இரண்டு செடி. செடிக்குப் பக்கத்தில், வேரில் படாமல், இலக்கமிட்ட தடி. தடியில் மண்மட்டத்தில் மையால் ஒரு கோடு. மழையில் மண் அரிபடும், சில இடத்தில் மேடுபடும். கோடு இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது செடியின் உயரமா, மண்ணின் உயரமா என்று தெரியாது.

நிமிர்ந்து வளரும் செடிக்கு அந்தக் கோட்டிலிருந்து உச்சி மொட்டு வரை உயரம். இலையை இழுத்துப் பிடித்து அளக்கக் கூடாது. படரும் அறுகுக்கும் அடம்பனுக்கும் உயரம் எடுப்பதில் பொருள் இல்லை. மிக நீளமான கொடியின் நீளமும் அதில் உள்ள கணுக்களும் போதும். கூட்டமாக வளரும் புல்லுக்கு மட்டங்களை, அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளை, எண்ணுங்கள். வயற்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டம் வெடிப்பது என்றால் என்ன என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் உங்களுக்கு விளக்குவார்கள்.

முதல் நாள் ஒரே செடியை மூன்று பிள்ளைகள் ஒருவர் பதிலை மற்றவர் பார்க்காமல் அளக்கட்டும். 12.1, 12.4, 13 என்று மூன்று விடை வரும். யார் சரி என்று கேட்க வேண்டாம், ஏன் வேறுபட்டது என்று கேளுங்கள். அடிமட்டத்தின் நுனியில் பூச்சியம் இல்லாமல் அரை சென்ரிமீற்றர் வெறுமையாக இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இப்படி ஒரு மில்லிமீற்றர் வளர்ச்சிக்கும் ஒரு மில்லிமீற்றர் பிழைக்கும் உள்ள வேறுபாடு புரிந்த பிள்ளை, பிறகு எந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது.

கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம். காலைக் கூட்டம் முடிந்த கையோடு நல்லது. வளர்ச்சி வேகம் எளிய கணக்கு: போன கிழமை 12.4 செ.மீ., இந்தக் கிழமை 15.9 செ.மீ. என்றால் 7 நாளில் 3.5, ஒரு நாளைக்கு 0.5 செ.மீ. உயரத்தை மட்டும் வரைபாகக் கீறினால் அது ஏறிக்கொண்டே போவதாகத் தெரியும். நாளொன்றுக்கான வேகத்தைக் கீறினால்தான் எந்தக் கிழமை செடி ஓடியது, எந்தக் கிழமை நின்றது என்று தெரியும்.

எண் எழுத முடியாத நாளுக்கு நாலு எழுத்து வைத்திருக்கிறோம்: ‘கா’ காய்ந்தது, ‘மே’ மேய்ந்தது, ‘உ’ உடைந்தது, ‘இ’ இல்லை. வெற்றுக் கட்டம் விடக் கூடாது. ஒரு முறை ஒரு பிள்ளை அழுகிற முகத்தோடு வந்தாள். “ரீச்சர், என்ர ஏழாம் நம்பர் செத்துப்போச்சு.” “அப்படியே எழுதும் பிள்ளை. எந்தத் திகதி?” என்றேன். அடுத்த மாரியில் அதே தடியடியில், அதே அடியிலிருந்து புதுத் தளிர் வந்தது. அவள் எழுதி வைத்த ‘கா’தான் அந்தத் தளிரை அதிசயமாக்கியது.

ஒவ்வொரு செடியையும் அளப்பது போதாது, நிலம் முழுவதையும் பார்க்க வேண்டும். 50 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டம் செய்யுங்கள், தடியோ கம்பியோ போதும். 10 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டினால் 25 கட்டம், ஒரு கட்டம் நூற்றுக்கு 4. எத்தனை கட்டத்தில் புல், எத்தனையில் வெறுமண் என்று எண்ணினால் மூடிய அளவு வந்துவிடும். சட்டத்தை எறிந்து விழுந்த இடத்தில் அளக்கும் வழக்கம் உண்டு. கை தானாக வடிவான இடத்தைத் தேடும். இலக்கம் எழுதிய துண்டுகளைக் குலுக்கி எடுத்து, அந்த இலக்கத்துக்குரிய இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

மழையும் வேரும்

மழையை அளக்காமல் வளர்ச்சியை அளப்பதில் பயனில்லை. திருகோணமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மி.மீ.; அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதத்துக்குள் கொட்டிவிடும். நேரான பக்கமுள்ள சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதே போத்தலுக்குள் சொருகுங்கள். அடி சமமாக இராது. ஆகவே கொஞ்சம் சீமெந்து ஊற்றிச் சமப்படுத்தி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளவுகோல் ஒட்டுங்கள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர் தண்ணீர். உங்கள் 25 சதுர மீற்றரில் ஒரு நல்ல வாடை மழைக்கு எத்தனை வாளி விழுந்தது என்று பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் வாசித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள், விடுமுறையில் உள்ளே எடுத்துவிடுங்கள். நுளம்பு மறக்காது.

வேர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வளர்ச்சியின் பெரிய பங்கு அங்கேதான். பிரெய்ரிப் புற்கள் சில இரண்டு மீற்றருக்கு மேல் வேர் விடுகின்றன, முதல் ஆண்டில் மேலே வளர்வதைவிடக் கீழே வளர்வதுதான் அதிகம். நமது ஆவாரையும் வறட்சியைத் தாங்குவது வேரால்தான். ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அடியில் துளையிட்டு, வளவு மண் நிரப்பி, பக்கத்தோடு ஒட்டினாற்போல் மூன்று விதை போடுங்கள். போத்தலைச் சற்றுச் சாய்த்து வைத்தால் வேர் கீழ்ப்பக்கச் சுவரோடு இறங்கும். வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி சுற்றி, கிழமைக்கு ஒரு முறை அவிழ்த்து, வேர் நுனியில் மை அடையாளம் போட்டு மூடுங்கள். தண்டு இரண்டு விரல் இருக்கும்போது வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கமாகக் கீறச் சொல்லுங்கள்.

கோடையில் நிறுத்தாதீர்கள்

விதை முற்றி உதிர்ந்த பிறகு, நிலத்தில் பாதியை மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு அரிவாளால் வெட்டுங்கள். மறு பாதி அடுத்த ஆண்டு. புழுவும் பூச்சியும் ஒதுங்க இடம் இருக்கும்.

மே வந்ததும் எல்லாம் மங்கும். யூலையில் கச்சான் காற்றில் அந்த மூலை வைக்கோல் நிறத்தில் நிற்கும். “இனி என்ன அளப்பது, ரீச்சர்?” என்று கேட்பார்கள். அநேகமான ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், பரீட்சையும் நெருக்கும். தயவுசெய்து விடாதீர்கள். இங்கே ஒரு செடி பிழைப்பதா இல்லையா என்பது இந்த நாலைந்து மாதத்தில்தான் முடிவாகிறது. கிழமைக்கு ஒரு முறை என்பதை இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஆக்குங்கள். உயரத்துக்குப் பதில் பச்சை இலை எத்தனை என்று எண்ணுங்கள். எது இலையை உதிர்த்தது, எது சுருட்டியது, எது விதையாக மட்டும் மண்ணில் இருக்கிறது, எது அடியில் மட்டும் பச்சையை வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். ஆவாரை நிற்கும், தும்பை போயிருக்கும். இரண்டும் கோடையைக் கடப்பவைதான், ஒன்று உடம்போடு, மற்றது விதையாக. பதினொரு மாதப் பதிவை வைத்துக்கொண்டு இதைப் பிள்ளைகளே சொல்லும்போது, பாடப்புத்தகத்தில் இசைவாக்கம் என்ற சொல் எழுந்து நடக்கத் தொடங்கும்.

பதிவுக் கொப்பி பிள்ளையுடையதாக இருக்கக் கூடாது, தடியுடையதாக இருக்க வேண்டும். தரம் 8 பிள்ளைகள் ஜனவரியில் 9க்குப் போனாலும் ஏழாம் தடியின் கொப்பி ஏழாம் தடியோடு இருக்கும். நாங்கள் கைமாற்றுவது டிசம்பரில் அல்ல, மண் தட்டம் வைக்கும் செப்டெம்பரிலேயே, தரம் 7 பிள்ளைகளுக்கு. பழைய சோடியும் புதுச் சோடியும் ஒரே தடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மண்மட்டக் கோடு எங்கே, போன மாரியில் முதல் இலை எந்தத் திகதியில் வந்தது, எந்தக் கணுவை மான் கடித்தது என்று ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். அந்த அரைமணி நேரத்தில் நான் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், குறுக்கே பேசுவதில்லை.